கரையில் நின்ற நீச்சல் வாத்தியார்

முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்குப் பல் கிட்டிப்போகும். அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்காலம் முழுவதும் பதினோரு பிள்ளைகளுக்கு நீச்சல் வாத்தியாராக இருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஏதாவது செய்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். என் கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரரோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. அதுகூட இதற்கு ஈடாகாது.

குற்றம் என் வாயுடையது. திருச்சிப் பக்கத்திலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாக வந்த நாள் முதல், காவேரியை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தியதாக அளந்துகொண்டிருந்தேன். உண்மையில் நான் படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குளித்தவன். அப்புத்தளைக்குக் கீழே இந்தச் சரிவில் எவன் வந்து சோதிக்கப்போகிறான் என்ற தைரியம்தான்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின ஐப்பசி அது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்கும் புதுமலைக்கும் நடுவே ஓடும் ஆற்றின்மேல் இரண்டு மரங்களைப் போட்டிருந்தார்கள், அதுதான் பாலம். மழை அதை அடித்துக்கொண்டு போயிற்று. மலை என்றால் எங்கள் பேச்சில் தேயிலைக் காடு. புதுமலையில் புல்லு வெட்டப் போகிறவர்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு அவர்களை அங்கே அனுப்புகிறவன் நான்தான்.

பாலம் போன நான்காம் நாள், ஆற்றில் இறங்கிக் கடக்கும்போது, கொழுந்தெடுக்கும் ஒருத்தியின் மகளை வெள்ளம் இழுத்துக்கொண்டது. கீழே ஒரு பாறையில் மோதி நின்றவளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒன்பது வயது. மறுநாள் பெரட்டிலும் அவள் பேரைக் கூப்பிட்டேன். நெற்றியில் மஞ்சள் பற்றோடு வந்து நின்றாள். நான் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

அன்று துரை பெரட்டுக்கு வந்திருந்தார். பெரிய கங்காணி குனிந்து பாலத்தைப் பற்றிச் சொன்னார். பலகை, மரம் எல்லாம் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேண்டும், தை மாதம் பார்க்கலாம் என்றார் துரை. பிறகு தமாஷாக, "புள்ளைக்கு நீச்சல் சொல்லிக் குடு" என்று சிரித்தார்.

அதை அங்கேயே விட்டிருந்தால் தமாஷாகவே போயிருக்கும். கங்காணி விடவில்லை. "நம்ம கணக்கப்புள்ள காவேரியவே நீந்துன ஆளுங்க, தொரை!" என்று என்னை முன்னால் தள்ளினார்.

"யெஸ் சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள இன்றைக்கும் தயார்.

ஸ்டோரின் சக்கரத்தைச் சுற்றவைக்கத் தண்ணீர் தேக்கியிருந்த குளத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம். பிள்ளைகளின் முதுகில் ஆளுக்கொரு காலி கிரசின் டின்னைக் கட்டி இறக்கிவிட்டு, நான் குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன்.

"காலை அடி! வாயை மூடு!"

"கணக்கப்புள்ள ஐயா, நீங்க எறங்கலீங்களா?"

"நான் எறங்குனா தண்ணி கலங்கிரும். அடி காலை!"

மகளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு அந்தக் கொழுந்துக்காரியும் கரையில் உட்கார்ந்திருப்பாள். "ஐயாவோட கொடை நல்லா நீந்துதுங்க" என்றாள் ஒரு நாள். கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தேன்.

உண்மையான வாத்தியார் துரையின் நாய். தவிட்டு நிறம், கன்றுக்குட்டி உயரம். துரை வீசும் குச்சியை எடுக்கத் தினமும் அந்தக் குளத்தில் குதிக்கும். முன்னங்கால் எப்படிப் போகிறது, மூக்கை எவ்வளவு தூக்குகிறது என்று பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகினார்கள். மூன்றாம் வாரம் அந்த ஒன்பது வயதுக்காரி டின்னை அவிழ்த்து என் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். நான் கற்றுக்கொடுத்தேன் என்று கங்காணியிடம் மார்தட்டினேன். வெட்கம் கெட்டவன்.

அந்த வாரந்தான் நாய் கரைச் சேற்றில் வழுக்கி விழுந்தது. மறுநாள் காலையில் தச்சன் வந்து நான்கு படி அடித்துவிட்டுப் போனான். புத்தம் புதுப் பலகை. சீவிய மரத்தின் வாசம் கரையெல்லாம் அடித்தது.

"பலகை இல்லேன்னாங்களே, ஐயா?" என்றாள் கொழுந்துக்காரி.

நான் குடையைச் சுழற்றினேன். அவள் விடவில்லை.

"கொளத்துத் தண்ணி நின்னுக்கிட்டு இருக்கும். நீந்திருவாங்க. ஆறு நிக்குமா?"

அந்த மழையிலும் தணியாத கோபம். துரை மேலா, கங்காணி மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று பேர் மேலும்தான்.

ஆறாம் வாரம் துரை பாடத்தைப் பார்க்க நாயோடு வந்தார். அந்தச் சிறுமி குளத்தைக் குறுக்கே கடந்து திரும்பி வந்தாள். துரை கைதட்டினார்.

"குட்! இனி பாலம் வேணாம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. பிள்ளைகள் ஆறு வாரம் காலை அடித்து அடித்து, தங்கள் பாலத்தைத் தாங்களே உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அடி, அடி என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

துரை வந்தால் குடையை மடக்கிவிட்டு மழையில் நிற்க வேண்டும். தோட்டத்து வழக்கம் அது. மடக்க மறந்துவிட்டேன் என்று பிறகு கங்காணியிடம் சொன்னேன். மறக்கவில்லை.

"சார், இந்தப் புள்ளைங்க எல்லாரையும்விட இந்த நாய் நல்லா நீந்துது. அதுக்கு எதுக்கு சார் படி?"

குளத்தில் கால் அடிக்கும் சத்தம் நின்றுபோயிற்று. கொழுந்துக்காரி எழுந்து நின்றாள். துரை என் குடையைப் பார்த்தார். பிறகு குனிந்து, படியேறி வந்த நாயின் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அதுக்கு வயசு ஆச்சு."