ஹொனலூலு அரண்மனையும் அப்பாவின் பெயரும்

"அமெரிக்காவுல ஏது கண்ணு ராஜா?" என்று ஈரோட்டிலிருந்து அம்மா போனில் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. ஆனால் ராஜாவும் ராணியும் நிஜமாகவே குடியிருந்து ஆட்சி நடத்திய அரண்மனை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. ஹவாய் மாநிலத்தின் தலைநகரான ஹொனலூலுவில், ஊர் நடுவில். 1998 ஏப்ரலில், மகள் நித்யாவின் பள்ளி விடுமுறையில், குபெர்டினோவிலிருந்து கிளம்பினோம். அவளுக்குக் கடல் வேண்டும், எனக்கு அரண்மனை வேண்டும், என் கணவர் முரளிக்குத் தூக்கம் வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேர விமானப் பயணம். கீழே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. தூங்குவார் என்று நினைத்த முரளி, பழைய பேச்சை எடுத்தார்.

"ஊர் திரும்பினதும் புதன்கிழமை சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. பேர மாத்திக்கிறியான்னு அவங்களே கேப்பாங்க. ஃப்ரீயாவே மாத்தித் தர்றாங்க செல்வி. சரின்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"யோசிக்கிறேனுங்க."

"நாலு மாசமா இதத்தான் சொல்ற."

வாசகர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் ப. கலைச்செல்வி. விசாவுக்கு விண்ணப்பித்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழித்து, 'ப'வை விரித்து அப்பாவின் பெயரை எழுதி வைத்தேன். அன்றிலிருந்து அமெரிக்காவில் நான் மிஸஸ் பழனிச்சாமி. அந்தப் பட்டம் நியாயமாக என் அம்மாவுக்குச் சேர வேண்டியது! முரளியோ தன் பெயரையே தனக்கும் மகளுக்கும் கடைசிப் பெயராக வைத்துவிட்டார்: நித்யா முரளி. போன டிசம்பரில் மெக்சிகோ போய்விட்டுத் திரும்பும்போது, நானும் நித்யாவும் ஒரு வரிசையில் நின்றோம். எல்லையில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இவர் நிஜமாகவே உன் அம்மாவா?" என்று குழந்தையிடம் கேட்டார். ஒன்பது வயதுப் பெண் பயந்துபோய் அழுதுவிட்டாள். அன்று முதல் முரளி பிடித்த பிடி இது. அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு வைக்கீக்கியில் இரண்டாம் எண் பஸ் ஏறினோம். பெரியவர்களுக்கு ஒரு டாலர். அரண்மனை வந்தால் சொல்லுங்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "சொல்கிறேன். ராணியம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்றார் அவர், சிரிக்காமல்.

ஒன்பது மணிக்கு, பொன்முலாம் பூசிய அரசர் சிலையின் அடியில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். பூப்போட்ட நீள அங்கி, காதோரம் ஒரு பூ. "என்னை ஆன்ட்டி லெயிலானி என்று கூப்பிடுங்கள். இந்த ஊரில் பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள்தான்" என்றார்.

"அம்மா! ஜஸ்ட் லைக் அஸ்!" என்று நித்யா என் கையைக் கிள்ளினாள்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லச் சொன்னார். நான் வழக்கம்போல் "கெல்லி" என்றேன். கலை என்பது ஆபீசில் முதல் வாரமே கெல்லியாகிவிட்டது. ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது வீட்டில் வைத்த பெயர் மாதிரி தெரியவில்லையே?" வேறு வழியில்லாமல் முழுப் பெயரையும் சொன்னேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "கலைச்செல்வி பழனிச்சாமி. எங்கள் ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் இது சின்னப் பெயர். இதை எதற்கு வெட்டினீர்கள்?" என்றார். அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன்.

சிலைக்குப் பின்னாலிருக்கும் கட்டடம் முதலில் அரண்மனையாகத்தான் வரையப்பட்டதாம். பிறகு மனம் மாறி அரசாங்க அலுவலகமாகக் கட்டிவிட்டார்கள், இப்போது நீதிமன்றம். சாலையைக் கடந்தால் அசல் அரண்மனை, இயோலானி. கட்டணம் எட்டு டாலர், குழந்தைக்கு மூன்று. மைசூரைப் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றம்தான். செட்டிநாட்டில் இதைவிட நீளமான வீடுகள் உண்டு. எங்கள் குழுவில் வந்த டெக்சாஸ் தாத்தா, "எங்கள் ஊர்ச் சட்டமன்றம் இதைப்போல நாலு மடங்கு" என்று தன் மனைவியிடம் சொன்னார். ஆனால் தோட்டத்தில் விழுதுவிட்டு நின்ற ஆலமரத்தைப் பார்த்ததும் என் வாய் அடைத்துப் போயிற்று. இந்தியாவிலிருந்து வந்த இனம் என்றார் ஆன்ட்டி.

படியேறியதும் முரளி ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். கோயில் வாசலில் செய்து செய்து வந்த பழக்கம். "எங்கள் வீடுகளிலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். இங்கே மட்டும் ஷூவோடு வாருங்கள், இதை மேலே மாட்டிக்கொண்டு" என்று துணியுறை ஒரு ஜோடி கொடுத்தார் ஆன்ட்டி. அவசரத்தில் இவர் ஷூவை விட்டுவிட்டு வெறுங்காலில் உறையை மாட்டி, பளபளத்த மரத்தரையில் சறுக்கிக்கொண்டே வந்தார். நித்யாவுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

சிம்மாசன மண்டபம், விருந்துக் கூடம், வழவழத்த மரப் படிக்கட்டு. வெள்ளை மாளிகைக்கு முன்பே இங்கே மின்விளக்கு எரிந்ததாம். அரசாட்சி போனபின் மேசை நாற்காலியெல்லாம் ஏலத்தில் போய், எங்கெங்கோ சிதறி, இப்போது ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். எனக்குக் கேள்வி மேல் கேள்வி. ஆன்ட்டி சலிக்காமல் பதில் சொன்னார்.

மாடியில் மூலை அறை. ஆட்சியைப் பறித்த அமெரிக்க வியாபாரிகள், கடைசி அரசியை அவருடைய சொந்த அரண்மனையிலேயே சிறை வைத்த இடம். அந்தச் சிறையில் அவர் தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பெயர்கள் நூலால் தைக்கப்பட்டிருந்தன.

"பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதுவும் அரசியின் பெயரில் அல்ல, கணவரின் குடும்பப் பெயரைச் சேர்த்து. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று பின்னால் அவரே சொன்னார்" என்றார் ஆன்ட்டி.

"அவருக்குக் கணவர் மீது கோபமா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது.

"கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். விடுதலையான பின் அவர் போனதே கணவரின் வீட்டுக்குத்தான், பக்கத்துத் தெருவில். கடைசிவரை அங்கேதான் இருந்தார். கோபம் அந்தப் பெயர் மீது இல்லையம்மா. தன் பெயரை அடுத்தவர்கள் முடிவு செய்ததில்தான்."

முரளி போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டையும் வெளிவாசலில் நின்று பார்த்தோம். மாநில ஆளுநர் குடியிருப்பதால் உள்ளே விடவில்லை. பதினோரரைக்கு ஆன்ட்டி விடைபெற்றார். ஆலமரத்தடிக்குத் திரும்பி, கொண்டுபோயிருந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அங்கேதான் நான்கு மாதமாக வாயில் வராதது வந்தது.

"எங்க அப்பாவ ஊருல யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?"

"வாத்தியாரய்யான்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

"அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. இப்ப அந்தப் பேர யாரும் சொல்றதில்ல. இங்கதான் பல் டாக்டர் ஆபீஸ்லயும் பாங்க்லயும் பலானிசாமின்னு பிச்சுப் பிச்சாச்சும் கூப்பிடறாங்க. கூப்பிட்டா நான் எந்திரிச்சு நிக்கறேன். அத எப்படிங்க விட்டுத்தர்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முரளி புளிசாதத்தைக் கிளறினார். "அப்ப பார்டர்ல மறுபடியும் இந்தக் குழந்தைய அழ வெப்பாங்களே, அதுக்கு என்ன பண்றது?" என்றார். நித்யா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினாள்.

சனிக்கிழமை ஹொனலூலு விமான நிலையம். மூன்று பேருக்கும் மூன்று மூலையில் இருக்கை போட்டிருந்தார்கள்; மாற்றிக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கி கரகரத்தது. "பாசெஞ்சர் பலானி... பலானிசாமி."

"அம்மா, தே ஆர் காலிங் தாத்தா" என்றாள் நித்யா.

முரளி சிரித்துவிட்டார். "எங்க மாமனார் பேரச் சொல்ல ஈரோட்டுல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. இங்க மைக் வெச்சுக் கூப்பிடறான் பாரு. போ செல்வி, போய் என்னன்னு கேளு."

நான் எழுந்தேன். நித்யாவும் கூடவே வந்தாள். கவுண்டரிலிருந்த பெண் பயணச்சீட்டுகளைப் புரட்டினார். பழனிச்சாமி, முரளி, முரளி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே, நித்யா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி எம்பினாள்.

"ஷீ இஸ் மை மாம்," என்றாள். "பழனிச்சாமி இஸ் ஹர் டாட்."

'ழ' அப்படியே, கொஞ்சமும் பிசகாமல் வந்தது.