நடுக்கடைக்கு ஒரு பெட்டி

விரலை மடக்கிச் சுவரைத் தட்டுகிறார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார். இரண்டடி நகர்ந்து மறுபடியும் தட்டுகிறார். முடிதிருத்தும் கடையில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், இது என்ன கூத்து என்று கழுத்தைத் திருப்பப் போனார். கத்தியைப் பிடித்திருந்தவர் பதறிப்போய் அவர் தலையை நேராக்கி வைத்தார். "நீங்க பாட்டுக்கு இருங்க சார். நான் சுவரைத்தான் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போனார் சிக்னல் அக்கா.

இந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. வயது ஐம்பதை நெருங்குகிறது. மடக்கு ஏணியை ஸ்கூட்டரில் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவர் வந்தால் எதிரே வருகிற வண்டிகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். தோளில் ஒரு பை. அது நிறைய நீட்டிப்பு ஒயர்கள். சின்னச் சின்னக் கடைகள், கிளினிக்குகள், உடற்பயிற்சிக் கூடங்கள், டியூஷன் நடக்கும் மாடிகள், இவற்றில் மூலைமுடுக்கெல்லாம் வைஃபை எட்டும்படி செய்வது அவர் தொழில். ஒரு ரவுட்டர் பெட்டி போதாத இடத்தில் இரண்டு மூன்று பெட்டிகளை வைத்து, ஒன்றிடமிருந்து ஒன்று நெட்டை வாங்கிக் கொடுக்கும்படி செய்கிறார். மெஷ் என்று அதற்குப் பெயர். என் மாடி அலுவலகத்துக்கும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். அந்தப் பழக்கத்தில், ஒட்டிக்கொண்டு சில நாள் சுற்றட்டுமா, உங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டேன். ஏணியைத் தூக்குவதாக இருந்தால் வரலாம் என்றார். தூக்கினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இதற்கு முன்னால் பல வருஷம் ஓர் இணைய நிறுவனத்தில் புகார் கேட்கும் போன் வேலை பார்த்தவர். காலையிலிருந்து மாலை வரை ஒரே வசனம்: அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அவர் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு நாள் தூக்கத்தில் இவர் "லைட்டு பச்சையா எரியுதா?" என்று கேட்க, பக்கத்தில் படுத்திருந்த அவரும் தூக்கக் கலக்கத்தில் "எரியுது மேடம்" என்று பதில் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அந்த மனிதர் வேனில் சாய்ந்து நின்று நெடுநேரம் சிரித்தார். சிக்னல் அக்கா வேலையை விட்டதற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். இல்லை என்றார். "அத்தனை வருஷம் ஜனங்க குரலை மட்டுந்தான் கேட்டேன். அவங்க வீட்டுச் சுவரு எப்படி இருக்கு, பெட்டிய எங்க வச்சிருக்காங்கன்னு ஒரு தடவையாவது பாத்துடணும்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு."

பார்த்தபிறகு, நினைத்ததைவிட மோசமாகவே இருந்ததாம். பெட்டி அழகாக இல்லையென்று அதைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. மேலே பூச்சாடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. மீன் தொட்டி என்றால் அக்காவுக்கு ஆகவே ஆகாது. "மீனு பாக்க அழகுதான். ஆனா தொட்டித் தண்ணி இருக்கே, நெட்டைக் குடிச்சிட்டுத்தான் மறுவேலை பாக்கும்" என்பார். அடுத்த எதிரி முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் முதுகில் பூசியிருக்கும் பூச்சு சிக்னலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுமாம். இரும்பு பீரோவைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்.

மற்றவர்கள் கடை மூடியபிறகு வந்து பெட்டி மாட்டிவிட்டுப் போகிறார்கள். இவர் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்துத்தான் வருவார். கடைக்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். ஆள் இல்லாத கடையில் நெட் நன்றாகத்தான் வரும், அது யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்பார். மனித உடம்பும் சிக்னலை மறிக்கும். அதனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்தபடி நுழைந்து நுழைந்து வருவார். யாராவது முறைத்தால் அவரிடமே போனைக் காட்டி, "இங்க பாருங்க, உங்களைத் தாண்டி வர மாட்டேங்குது" என்று குறைபட்டுக்கொள்வார். ஒருவரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வெட்கத்தோடு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

அவருக்குத் தினமும் நடக்கிற சண்டை ஒன்று உண்டு. நெட் வராத மூலையைக் காட்டி, பெட்டியை அங்கேயே வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். அப்போது அவர் எனக்குச் சொன்னது: "வரிசையா நின்னு வாளித் தண்ணிய கை மாத்துறோம்னு வைங்க. நடு ஆளு கைக்கு வாளி வந்தாத்தானே கடைசி ஆளுக்குப் போகும்? நெட்டு செத்த இடத்துல வச்சா அது எதை வாங்கி எதைக் குடுக்கும்? சாகறதுக்கு முன்னாடி இருக்கிற இடத்துல வைக்கணும்." இதைச் சொல்லும்போது நிஜமாகவே வாளியை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டுவார்.

அந்த நடு இடம் யாருடையது என்பதுதான் கேக் கடையில் சிக்கலானது.

அது ஒரு மூலைக் கட்டடம். அப்பா ஒருவர் நடத்திய நீளமான கடையை அவருக்குப் பிறகு மகளும் மகனும் பிரித்துக்கொண்டார்கள். சாலையைப் பார்த்த முன்பகுதி மகளுக்கு. அங்கே கேக் விற்கும் கவுண்டர். புகைபோக்கி இருந்ததால் கடைசிப் பகுதியும் அவருக்கே. அங்கே அடுப்பு அறை. இடையில் இருப்பது தம்பியின் மூக்குக் கண்ணாடிக் கடை. அதற்கு வாசல் பக்கத்துச் சந்தில். தடுப்புச் சுவர் எழுப்பியபோது அதன் பருமன் முழுவதும் தம்பி பக்கத்து இடத்தைத் தின்றுவிட்டது. அந்த ஒரு சாண் இடத்துக்காக இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நெட் முன் கவுண்டருக்கு வருகிறது. ஆர்டர்களும் அங்கேதான் விழும். கேக் கடைக்காரர் அவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அடுப்பு அறைக்கு நடப்பார். அவருக்கு முட்டி வலி. பெரிய அலுவலகம் ஒன்று தினமும் மதியத்துக்குக் கேக் அனுப்பச் சொல்லி ஒரு வாரம் சோதனை வைத்திருந்தது. ஆர்டர் நினைத்த நேரத்தில் வரும், உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க வேலை. வாடகைக்கு அடுப்பு எடுத்து, இரண்டு பெண்களைப் புதிதாக வேலைக்கும் வைத்திருந்த அவருக்கு, தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வாய் வரவில்லை. அடுப்பு அறையில் ஒரு டேப்லெட்டை மாட்டி, ஆர்டர் நேரே அங்கே விழும்படி செய்யச் சொல்லித்தான் சிக்னல் அக்காவைக் கூப்பிட்டார்.

தம்பியின் சுவரைத் தொடக்கூடாது, அவனிடம் எதுவும் கேட்கக்கூடாது என்பது நிபந்தனை. சிக்னல் அக்கா முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி வைத்துப் பார்த்தார். வழக்கம்போல் கவுண்டரில் கூட்டம் நிரம்பிய நேரம். டேப்லெட்டில் ஆர்டர் டிங் டிங் என்று விழுந்தது. ஏணியை நான் சந்தோஷமாகவே மடக்கினேன்.

மறுநாள் டேப்லெட் வாயைத் திறக்கவில்லை. இரண்டு ஆர்டர்கள் தவறிப்போயின. இன்னொரு தடவை என்றால் வேறு கடையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சிக்னல் அக்கா வந்து சந்தில் நின்றார். கண்ணாடிக் கடை திறந்திருந்தது. அதன் வாசலை ஒட்டி இருந்த இரும்பு அலமாரியின் கதவுகள் விரிந்து கிடந்தன. கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்ப்பவர்களுக்காக. முந்தின நாள் அந்தக் கடைக்கு வார விடுமுறை; கதவுகள் மடக்கிக் கிடந்திருக்கின்றன. கூட்டத்தைப் பார்த்தே வேலை செய்கிறவர், இடையில் இருந்த கடை பூட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சந்துச் சுவரில் சாய்ந்து, "என்னாலதான்" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு நேரே கண்ணாடிக் கடைக்குள் போனார். கேட்கக்கூடாது என்ற நிபந்தனை என்ன ஆயிற்று என்றேன். தப்பு தன்னுடையது, அதனால் தன் சார்பில் கேட்கலாம் என்றார்.

தம்பி மெலிந்த மனிதர். அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி அவரைவிடக் கனமாகத் தெரிந்தது. தன் அக்காவின் பெயர் அடிபட்டதும் கை துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசையில் போட்டார். தன் சுவரில் ஆணி அடிக்க முடியாது என்றார். ஆணியே வேண்டாம், பெட்டி மேசைமேல் இருந்தால் போதும் என்றார் இவர். அதுவும் முடியாதாம். சரியென்று சிக்னல் அக்கா அங்கிருந்த கண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிகளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் கையை நீட்டி நீட்டிப் படித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். கண்ணைக் காட்டிக்கொள்ள நல்ல வேளை பார்த்தார்.

வாடிக்கையாளர் என்று வந்தபிறகு தம்பி என்ன செய்வார்? சோதனைச் சட்டத்தை மாட்டி ஒவ்வொரு வில்லையாகப் போட ஆரம்பித்தார். அப்போதுதான் கேக் கடைக்காரர் சந்தில் கடந்து போனார், கையில் சீட்டோடு, ஒரு காலைச் சற்றே இழுத்துக்கொண்டு. தம்பி வில்லையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"இதோ, மறுபடியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் வாசல்ல நடக்கிறாங்க பாருங்க. என்னை வெறுப்பேத்தத்தான்."

"உங்களை இல்ல தம்பி. அடுப்புக்குச் சீட்டு கொண்டுபோறாங்க. வேற வழி இல்ல அவங்களுக்கு. உள்ள நெட்டு வரல. அது வந்துட்டா இந்த நடை நின்னுபோயிடும்."

ஒரு வருஷமாக அதைத் தன்மேல் காட்டும் வீம்பு என்றே நினைத்திருக்கிறார் அவர். கையில் சீட்டு இருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கை எங்கே தெரியும் என்றார். நாள்தோறும் பிறர் கண்ணைச் சோதிக்கிறவர் இதைச் சொன்னபோது எங்கள் மூவருக்குமே சிரிப்பு வந்தது. அவர்தான் முதலில் நிறுத்தினார். முட்டி எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தார். சிக்னல் அக்காவுக்கு அது தெரியவில்லை. தெரிந்தவரைப் போய்க் கேளுங்கள் என்று அவர் சொல்லவுமில்லை. எதிரே இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படித்துக் காட்டினார். கடைசி வரியில் பாதிக்குப் பாதி தப்பு.

தம்பி மேசையைத் துடைத்து, சாக்கெட்டில் செருகியிருந்த தன் விளம்பர விளக்கைப் பிடுங்கினார். "இங்க வைங்க" என்றார். அந்த இடம் சரியில்லை, கதவுக் கண்ணாடி மறிக்கும் என்று சிக்னல் அக்கா தலையை ஆட்டினார். சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே எழுந்து, சட்டங்கள் அடுக்கிய மர அடுக்கின் மேல்தட்டில், இரண்டு சுவருக்கும் பொதுவான ஓர் இடத்தில் பெட்டியை வைத்தார். ஒயரைத் தம்பியே மேலே எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அடுப்பு அறையிலிருந்து டிங் என்ற சத்தம் சுவரைத் தாண்டி மெல்லக் கேட்டது. பிறகு இன்னொன்று. அதை அடுத்து, புதிதாக வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி ஆர்டரைச் சத்தமாகப் படிக்கும் குரல். கேக் ஆர்டருக்கு அழுதேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று மதியத்துக் கேக்குகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வில்லையின் அளவு முடிவாகாததால் சிக்னல் அக்கா சாயங்காலம் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பெட்டியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மடியில் இருந்த போனில் அளந்துகொண்டே இருந்தார். சந்தில் யாரும் நடக்கவில்லை. தம்பி வில்லையைத் துடைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். துடைத்த வில்லையையே எத்தனை தடவைதான் துடைப்பார்?

அப்புறம் கேக் கடைக்காரர் வந்தார். கையில் சீட்டு இல்லை. கடந்து போகவும் இல்லை. விரிந்து கிடந்த கண்ணாடிக் கதவு வாசலை முக்கால்வாசி அடைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "உன் அடுக்குலதான் பெட்டிய வச்சிருக்கியாமே" என்றார்.

தம்பி போய், அந்தக் கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் மடக்கி, அலமாரியோடு சேர்த்து மூடி வழிவிட்டார். சிக்னல் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து அதை அந்த அம்மாள் பக்கம் தள்ளினார். கதவு மூடியதும் சிக்னல் அக்காவின் போனில் சிக்னல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்க்க எனக்கே கை துறுதுறுத்தது. அவர் பார்க்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.