கழுத்துக்குக் கீழே நான்

ஒரு தறியை வாடகைக்கு ஓட்டியவனுக்கு இன்று இருபத்திரண்டு தறி. பிள்ளையார்பாளையத்தில் கல் வீடு, தெருவுக்கு ஒரு கிணறு, கருட சேவைக்கு வருஷம் தவறாமல் நீர்மோர்ப் பந்தல். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊர் சொல்லாததை நான்தான் சொல்ல வேண்டும்: எங்கள் ஜமீன்தாரின் எண்ணெய்ச் சாயப் படத்தில் கழுத்துக்குக் கீழே இருப்பது நான்.

போன வாரம் அவர் பேரன் வீட்டுக் கல்யாணம். கூடத்தில், அந்தச் சாயப் படத்துக்கு மாதிரியாக ஓவியர் முதலில் போட்ட பென்சில் படங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கிட்டே போனதும், சாயத்தில் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. பென்சிலுக்கு ஏது எண்ணெய்? என் மூக்கு இன்னும் முப்பது வருஷம் பின்னாலேயே நிற்கிறது.

படத்துக்கென்றே நெய்த அங்கவஸ்திரத்தைக் கொடுக்க, படம் போட்ட அந்த நாட்களில் அரண்மனைக்குப் போனேன். ஜமீன்தார் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. ஓவியருக்கு மட்டும் விலக்கு. அதுவும் எசமான் ஒரு தடவை வெற்றிலை மென்று முடிக்கும்வரை. அதற்குள் முகம்தான் தேறியது. உடம்புக்கு என்ன செய்வது? மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோளு எசமான் மாதிரியே இருக்குது. இதைப் போத்திக்கினு குந்துபா."

"நாற்காலியிலயா சாமி?"

"ஆசையப் பாரு. நீ கொண்டாந்த பெட்டி மேல குந்து."

ஆக, முகம் ஒரு தாள், காலி நாற்காலி ஒரு தாள், பெட்டிமேல் நான் ஒரு தாள். மூன்றையும் சேர்த்தால் ராஜ கம்பீரம். எட்டு நாள் குந்தியதில் மரத்துப்போகாத இடம் இல்லை. ஓவியர் கண்ணில் பட்டதை விடமாட்டார். தறிப்பலகை இடித்துக் கோணிப்போன என் இடது சுண்டுவிரலையும் அப்படியே போட்டார்.

"எசமானுக்கு ஏதுய்யா கோணல்?" என்று மானேஜர் பதறினார். சாயப் படத்தில் விரல் நேராகிவிட்டது. பென்சில் தாளில் மட்டும் நான் தங்கினேன்.

அந்தத் தாளின் கீழே இப்போது ஒரு சீட்டு. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'ஜமீன்தாரின் இடது கை'. பேரனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார், மரியாதையாகத்தான்.

"எங்கே, கையைக் காட்டுங்க, பெரியவரே."

நீட்டினேன். வாதம் தின்ற கை. எல்லா விரலும் கோணல். எது அந்த விரல் என்று அவர் தேடினார். நானும் தேடினேன்.

அரண்மனை இருந்த இடத்தில் இன்று புளியமரம் நிற்கிறது. ஓவியர் இல்லை, மானேஜர் இல்லை, அங்கவஸ்திரத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள். அதுவும் ஜமீன்தார் பெயரைத்தான் சொல்கிறது. நீங்கள் அந்தக் கூடத்துக்குப் போனால் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். முகம் அவருடையது, இருக்கட்டும். கைக்குக் கீழே என் பெயரை எழுதச் சொல்லுங்கள்.