தொண்ணூற்றேழோடு நின்றவர்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவருக்கு ஊர் வைத்த பெயர் 'பகா அண்ணன்'. முப்பத்தொரு வருஷம் வீடுவீடாகக் குனிந்து மீட்டர் எண்ணைக் குறித்தவர், அதோடு நிற்காமல் அந்த எண்ணை வகுத்தும் பார்ப்பார். எதாலும் வகுபடாவிட்டால் பகா எண் என்று தன் நோட்டில் ஏற்றி, வீட்டுக்காரர்களுக்கு வாழ்த்தும் சொல்வார். வாழ்த்து எதற்கென்று ஒருவரும் கேட்டதில்லை.

மீட்டரில் நாலே இலக்கம். பத்தாயிரத்துக்குள் எந்த எண்ணானாலும் தொண்ணூற்றேழு வரையுள்ள இருபத்தைந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த இருபத்தைந்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. உலகில் அவர் கர்வப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

ஓய்வுபெறும் நாளுக்கு முந்தின வாரம், புதிதாக வந்த ஐந்து இலக்க மீட்டர் ஒன்றில் 10403 என்று குறித்தார். வகுத்தார்; பகா எண் என்று தீர்ப்பும் சொன்னார். அலுவலகம் பழைய மீட்டர் ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, '10403, பகா எண்' என்று பித்தளைத் தகடு பொருத்தி, பிரிவு உபசாரத்துக்குத் தயாராக வைத்தது.

விழாவன்று மதியம், தையல்காரியான மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, கல்யாணமான நாளாகக் கேட்காததைக் கேட்டாள்.

"அது பகா எண்ணுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"தொண்ணூத்தேழு வரைக்கும் வகுத்துப் பார்த்தேன். அதுக்கு மேல தேவையில்ல."

"இதுல ஒரு இலக்கம் கூடன்னீங்களே. துணி நீண்டா டேப்பும் நீள வேண்டாமா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பென்சிலைத் தேடினார். நூற்றொன்றால் வகுத்தார். நூற்றுமூன்று, மீதியே இல்லாமல் வந்து உட்கார்ந்தது.

விழாவில் பேச்சாளர்கள் அவருடைய துல்லியத்தை வானளாவப் புகழ்ந்தார்கள். ஏற்புரைக்கு எழுந்தவர் தகட்டைத் தொட்டார். "இதுல எழுதியிருக்கிறது தப்பு. இது பகா எண் இல்ல. தப்பு என்னோடது," என்றார்.

அதிகாரி அவர் காதருகே குனிந்தார். "விடுங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

குழாய்ப் பிரிவு ஆள் ஒருவர் மேடையேறி, திருப்புளியால் தகட்டைக் கழற்றினார். புகழ்ச்சிக்குத் தட்டிய அதே கைகள் இதற்கும் அதே அளவு தட்டின.

மொட்டை மீட்டரைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு நடந்தார். தெருமுனையில் அவள் கேட்டாள்.

"அந்த நூத்தியொண்ணு, நூத்திமூணு. அதுங்க?"

"ரெண்டுமே பகா எண்தான்."

"அப்ப ஒண்ணு போய் ரெண்டு வந்திருக்கு. இதுக்கா இந்த மூஞ்சி?"

அவர் மறுக்கப் பார்த்தார். கணக்கு அவள் பக்கம் இருந்தது.