மதினி வீட்டு ஆட்டிதயம்

உயர்தரப் பரீட்சையின் உயிரியல் பாடத்தில் முதல் தடவை நான் கோட்டை விட்டதற்கு லொறிகளும் ஒரு காரணம். சிரிக்க வேண்டாம், விஷயத்தைச் சொல்கிறேன்.

என் சிநேகிதியின் வீடு மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெரிய வீதியின் ஓரத்தில் இருந்தது. வாசலில் மிளகு காயும். அவளுடைய வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயம் வீதிக்கு எதிர்ப்பக்கம், மேட்டில், தோட்டத்துக்குள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருத்திக்கு விளங்கியதை மற்றவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு எங்களிடையே ‘குப்பி’ என்று பெயர். அவளுக்கு எல்லாம் விளங்கும். ஆகவே குப்பி நடத்துவது அவள், கொட்டாவி விடுவது நான்.

அவள் வழி தனி வழி. உப்பு நீரை இழுக்கும் பிரசாரணத்தை உம்மாவின் ஊறுகாய்ப் போத்தலை வைத்து விளக்கினாள். ஆட்சியான இயல்பு, பின்னிடைவான இயல்பு இரண்டையும் தன் அண்ணன்மாரின், அதாவது நானாமாரின், சுருட்டை முடியை வைத்துப் போட்டுக் காட்டினாள். இதயத்துக்கு மட்டும் வீதியைக் காட்டினாள்.

“வாசல்ல நின்னு பாரு. கண்டிப் பக்கமிருந்து வெறும் லொறி வருது, நம்ம வலப்பக்கத்தால. அது அசுத்த ரத்தம். தம்புள்ளைதான் நுரையீரல். அங்க மரக்கறி ஏத்திக்கிட்டுத் திரும்பி வருது, இடப்பக்கத்தால. மரக்கறிதான் ஒட்சிசன். வலது வெறுமை, இடது சுமை. முடிஞ்சிச்சு.”

அருமையான குப்பிதான். பரீட்சை மண்டபத்தில் இதயத்தைப் பற்றிக் கட்டுரை வினா வந்தபோது நான் கண்ணை மூடி வீதியை நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் நினைத்த இடம் அவள் வாசல் இல்லை. தினமும் காலையில் டவுன் பஸ்ஸுக்காக நான் நிற்பது எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தில். அங்கே நின்றால் கோவா, கரட் மூட்டையோடு வரும் லொறி வலப்பக்கமிருந்து வரும், வெறும் லொறி இடப்பக்கமிருந்து வரும். அப்படியே, இடம் வலம் மாறி, எழுதிவைத்தேன். இடது சோணையில் அசுத்த ரத்தம், வலது இதயவறையிலிருந்து பெருநாடி. ஒரு பக்கம் முழுக்க, அழகான கையெழுத்தில்.

அதனால் மட்டுமே ஃபெயிலானேன் என்று சொல்ல மாட்டேன். தாவரப் பகுதியிலும் என் வண்டவாளம் அப்படித்தான் இருந்தது. எப்படியோ, மற்ற இரண்டு பாடமும் சித்தி, அதாவது பாஸ்; உயிரியல் இல்லை.

அப்பா சத்தம் போடவில்லை. “இன்னொரு தடவ எழுது. வரலைன்னா கொழும்புக்குப் போயிரு. துணிக்கடையில ஆள் எடுக்குறாங்களாம், மாமா சொல்லிட்டாரு” என்றார். எங்கள் லயத்தில் இருந்து அந்தக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு நல்ல உடுப்போடு வருவார்கள். யாரும் திரும்பப் புத்தகத்தைத் தொட்டதில்லை. எனக்கு ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை வெளியில் சொல்லக்கூடப் பயமாக இருந்தது.

சிநேகிதி நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஆனால் அவள் கேட்ட துறைக்கு அது போதவில்லை. ஆகவே அவளும் மறுபடி எழுதினாள். மறுபடி அதே வாசல், அதே மிளகு வாசனை. இதயப் பாடம் வந்தாலே எனக்கு லொறிதான் ஓடும், அதுவும் இரண்டு பக்கமும் மாறி மாறி. புத்தகத்துப் படமோ இன்னும் மோசம். படத்தில் இடப்பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கமாம். யார் இப்படி வரையச் சொன்னார்களோ.

அவளுடைய உம்மாவை நானும் உம்மா என்றே கூப்பிடுவேன். வாய்க்காரி. அடுத்த வீட்டில் இருந்த தன் மதினியோடு மட்டும் உம்மாவுக்குப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கட்டிய மதில் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். நான் அந்த வீட்டில் பழகத் தொடங்குவதற்கு முன்பே வந்த சண்டை. மதினி பெயரை யாராவது எடுத்தால் உம்மா சட்டியைக் கொஞ்சம் பலமாக வைப்பார்.

அந்த வருஷம் குர்பான் கொடுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் எங்கள் உயிரியல் தாளுக்குச் சற்று முன்பாக வந்தது. பெருநாள் அன்று வட்டிலப்பம் தின்னத்தான் போனேன். உம்மா என்னைப் பின்பக்கம் வரச் சொன்னார். கழுவிய தட்டில் ஒரு முழு இதயம் இருந்தது.

“ஆட்டோடது, மகள். லொறிய நம்பி எழுதினா இப்பிடித்தான் ஆகும். கையில எடுத்துப் பாரு. சுத்தமா வெட்டுங்க, பகலைக்கு நான் ஆணம் காச்சணும்.”

சிநேகிதி கத்தியை எடுத்தாள். நான் தட்டுக்கு முன்னால் குந்தினேன். ஒரு பக்கச் சுவர் தடிப்பாக இருந்தது, பெருவிரலால் அமுக்கினாலும் அமுங்கவில்லை. மறுபக்கம் துணியைப் போலத் துவண்டது. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிற பக்கம்தான் தடிப்பு, அதாவது இடது. அது எனக்குத் தெரியும். ஆனால் தட்டில் அது என் வலக்கைப் பக்கம் கிடந்தது. மறுபடியும் பஸ் தரிப்பிடம்.

“இந்தா, வாசல்ல நிக்கிறதா நெனச்சிக்க” என்று அவள் தொடங்கினாள்.

“லொறிய விடுடி” என்று எரிந்து விழுந்தேன். விழுந்த வேகத்திலேயே இதயத்தைத் தூக்கி, திருப்பி, என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். தடித்த சுவர் என் இடக்கைப் பக்கம் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு அது மாறியதில்லை.

சட்டையில் சிவப்பாகக் கறை பட்டுவிட்டது. லயத்துக்குப் போனதும் அம்மா பதறி, “என்னடி ரத்தம்?” என்றார். ஆட்டிதயம் வெட்டிப் படித்தோம் என்றேன். “அதுக்குச் சட்டையையா வெட்டுவ?” என்று சொல்லி, சட்டையைக் கழற்றி வாங்கி ஊறப்போட்டார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்க்க மாட்டோம். ஆடு என்றதும் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த முறை கட்டுரையில் இதயம் வரவேயில்லை. பல்தேர்வில் ஒரே ஒரு வினா வந்தது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து விடையைப் போட்டேன். உயிரியலில் சாதாரண சித்தி கிடைத்தது. எனக்கு அது போதும். இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சிநேகிதி வேறு மாவட்டத்தில் ஆஸ்பத்திரியொன்றில் மருந்தாளராக இருக்கிறாள்.

போன பெருநாளுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். நானும் போனேன். பின்பக்கத்தில் குர்பான் இறைச்சியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த இதயம் ஒரு சின்னப் பலாக்காய் அளவு இருந்தது.

“இந்த வருஷம் மாடா?” என்றேன்.

“எங்கட வீட்டுல எப்பவும் மாடுதான். ஏழு வீட்டுக் கூட்டு” என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள் சிநேகிதி. “ஆடு குடுக்கிறது உம்மாட மதினி வீட்டுல.”

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா அடுப்பைப் பார்த்தார்.

“அப்போ அன்னைக்கு நாங்க வெட்டினது?”

“மாட்டிதயம் நம்ம கையிலேயே இருந்திச்சு” என்றார் உம்மா, திரும்பாமலே. “நீ அதத் தொட்டுட்டு வீட்டுக்குப் போய் உங்கம்மாக்கிட்ட என்னத்தச் சொல்லுவ? பொய் சொல்லணும். பரீட்சை நேரத்துல அது வேறயா? அதான் போய்க் கேட்டேன். புள்ள ஒன்னு படிக்கணுமாம், வெட்டாம முழுசாத் தாங்கன்னு கேட்டேன். ஒன்னும் பேசாம எடுத்துத் தந்தா.”

மதினியின் பெயரைக் கேட்டாலே சட்டியைப் போட்டு அடிக்கிற மனுஷி, பெருநாள் காலையில் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறார். நான் ஆணமும் தின்று, ஏப்பம் விட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

“அதுக்குப் பொறகு பேசிக்கிட்டீங்களா?”

“எங்க பேச? ரிசல்ட் வந்த அன்னைக்கு அவளே மதிலுக்கு வந்து கேட்டா, அந்தப் புள்ள பாஸான்னு. சொல்லாம இருக்க முடியுமா?” உம்மா ஒரு தட்டை என் கையில் தந்தார். “போ, இத அங்க குடுத்துட்டு வா. வருஷா வருஷம் இப்பப் போகுது, வருது.”

மதிலைச் சுற்றி நடந்தேன். அத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் கிடந்தும் அந்தக் கதவை நான் தட்டியதில்லை. வயதான ஒரு பெண்மணி திறந்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுக்கும் முன்பே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதானே அந்த இதயத்துப் புள்ள” என்றார். “உள்ள வா மகள்.”