ஒருமுறைதான் கேட்பார்கள்

அடுத்த அறையில் இயந்திரம் இருமுறை செருமிவிட்டு, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அல்பேர்ட் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கண்களை மூடினார். குளிர் அறை திரும்பவும் வேலை செய்கிறது. இனி இந்தத் தீவு மக்களின் இறைச்சியும் மீனும் கெட்டுப் போகாது. அவருடைய முதுகுதான் கெட்டுப் போயிருந்தது.

"கேக் சாப்பிடுகிறாயா?" என்றாள் வீப்கே.

"ஓம், தாங்கோ" என்ற பொருளில் உடனே தலையசைத்தார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இப்படி யாராவது கேட்டால் "வேண்டாம்" என்பார். நம் ஊர் வழக்கம் அதுதானே. முதல் தடவை மறுக்க வேண்டும், அவர்கள் வற்புறுத்த வேண்டும், பிறகுதான் கை நீட்ட வேண்டும். இங்கே வற்புறுத்த ஆளில்லை. வேண்டாம் என்றால் தட்டு உள்ளே போய்விடும். எத்தனை வீடுகளில் பசியோடு எழுந்து வந்திருக்கிறார். அந்தப் பாடத்தை வயிறுதான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

வட கடலில் கிடக்கும் அந்தத் தீவுக்குக் கடலைத் தடுக்கும் அணைக்கட்டும் கிடையாது, காடும் கிடையாது. பரந்த புல்வெளி, அதில் நாலைந்து மண்மேடுகள், மேடுகளின் மேல் வீடுகள். மாரிக்காலத்தில் கடல் ஏறினால் மேடுகள் மட்டும்தான் மிஞ்சும். இருபது பேர்கூட இல்லாத அந்த ஊருக்கு வீப்கேதான் மேயர். விருந்தினர் விடுதியும் அவளுடையதே. அங்கே எல்லாரையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைப்பார்கள்.

ஹம்பேர்க்கில் உள்ள குளிரூட்டி நிறுவனம் ஒன்றுக்காக வடக்கே எங்கே எது பழுதானாலும் அல்பேர்ட்டைத்தான் அனுப்புவார்கள். வான் வண்டியை ஓட்டிக்கொண்டு பல மணி நேரம், பிறகு படகு, பிறகு பாரமான பெட்டியைச் சுமந்து நடை. ஐம்பத்தொன்பது வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. வைத்தியர் முதுகின் படத்தைக் காட்டி, "இனி நீண்ட தூரம் ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி பிறேமாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் பூசைக்கு இறங்கிப் போனவள்தான், அதன் பிறகு கோயிலைக் கண்ணால் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மணிச்சத்தத்துக்குச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

இந்தத் தீவின் பராமரிப்பாளனான ஹவுஸ்மைஸ்டர் ஹைன்ரிக் வேலையை விட்டுப் போகப் போகிறான் என்று போன தடவை வந்தபோது அல்பேர்ட் கேள்விப்பட்டிருந்தார். பம்புகளையும் இறங்குதுறையையும் பள்ளிக் கட்டடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையோடு வீடும் கிடைக்கும். படியே இல்லாத வீடு. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

"கடல் வீட்டுக்குள்ள ஏறினா என்னப்பா செய்வாய்?" என்று அவர் சீண்டினால், "கடல் ஏறட்டும், நான் ஏறத் தேவையில்லைத்தானே" என்பாள் பிறேமா. காணாத அந்த வீட்டில் மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

ஆனால் வாய்விட்டுக் கேட்க அல்பேர்ட்டுக்கு நா எழவில்லை. அவர்களாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தார்.

அவர்களாகவே கேட்டார்கள்.

"ஹைன்ரிக் ஏப்ரிலோடு போகிறான்" என்றாள் வீப்கே, மேசையைத் துடைத்தபடி. "உன் வேலையைப் பார்த்திருக்கிறோம். எல்லாருக்கும் சம்மதம். அந்த வேலையும் வீடும் உனக்கு வேண்டுமா?"

பிறேமாவின் முகம் கண்முன் வந்தது. கேக்குக்குப் படித்த பாடம் அந்த நொடியில் எங்கே போனதோ. பெரிய விஷயம் என்றதும் பழைய மனிதன் எழுந்து பேசிவிட்டான்.

"இல்லை, இல்லை. உங்களுக்கு ஏன் சிரமம்? உங்கள் ஆட்களிலேயே யாராவது கிடைப்பார்கள்."

"சரி" என்றாள் வீப்கே.

அவள் கோப்பைகளைக் கழுவினாள். அவர் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ திரும்புவாள், இதோ இன்னொரு தடவை கேட்பாள். அவள் திரும்பினாள்.

"காற்று கூடிவிட்டது. இன்றைக்குப் படகு இல்லை. மேலே அறை தருகிறேன்."

அறையில் சப்பாத்தைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து பிறேமாவுக்கு போன் எடுத்தார்.

"கேட்டவளே?" என்றாள் அவள், வேறு எதையும் விசாரிக்காமல்.

"கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு வேண்டாமெண்டு சொன்னனான். திருப்பிக் கேப்பாளெண்டு..."



"உங்களையென்ன பொம்பிளை பாக்கவே வந்தவை, வெக்கப்பட்டு முகத்தைத் திருப்ப? இத்தினை வருசம் இந்தச் சனத்தோட இருந்து என்னத்தைப் படிச்சனியள்?" அவள் குரல் உடைந்தது. "போய்ச் சொல்லுங்கோப்பா. இப்பவே இறங்கிப் போய், எனக்கு வேணுமெண்டு சொல்லுங்கோ."

"இப்ப அவள் சாப்பிடுற நேரம். விடியச் சொல்லுறன்."

"அதுக்கும் மரியாதையோ" என்றாள் பிறேமா. போனை வைத்துவிட்டாள்.

கீழே வீப்கே யாருடனோ தொலைபேசியில் பேசிச் சிரிப்பது கேட்டது. அல்பேர்ட் சப்பாத்தோடு படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போக மனம் சொன்னது. முதுகு கேட்கவில்லை.

விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர், வாசலில் நின்று, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். தனக்காகக் கேட்டார்.

"வீப்கே, நேற்று நான் வேண்டாம் என்றது உண்மையில்லை. எங்கள் வழக்கம் அப்படி. முதல் தடவை கேட்டால் மறுப்போம். விருப்பம் இல்லாமல் இல்லை, அதுதான் மரியாதை என்று நினைப்போம். கேட்கிறவர் திரும்பவும் கேட்பார், அப்போதுதான் ஓம் என்போம். எனக்கு அந்த வீடு வேண்டும். என் மனைவியால் படி ஏற முடியாது."

வீப்கே கதவுப் பிடியில் கை வைத்தபடி அசையாமல் நின்றாள். அவளுடைய கண்கள் கலங்கியதை அல்பேர்ட் பார்த்தார். அப்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"நேற்று மாலை ஃபிளென்ஸ்பூர்க்கில் ஒரு தச்சனுக்கு போன் எடுத்தேன்" என்றாள் மெதுவாக. "கேட்டவுடன் சம்மதித்துவிட்டான். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், அல்பேர்ட். நீ ஒரு சொல் சொல்லியிருந்தால்..."

"பிழை உன்னுடையது இல்லை" என்றார் அவர். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறேமாவுக்கு என்ன சொல்வது, மாதா படத்துக்கு என்ன சொல்வது, இன்னும் எட்டு வருடம் இந்த முதுகைக் கொண்டு எப்படிப் போவது. யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

வீப்கே திடீரென்று உள்ளே போய், கடதாசியில் சுற்றிய பொதியோடு திரும்பி வந்தாள்.

"கேக். காலையில் சுட்டது, உன் மனைவிக்கு. கொண்டு போகிறாயா?"

"வேண்டாம்" என்றார். இந்தத் தடவை அது மரியாதைக்குச் சொன்னதல்ல. எதுவுமே வேண்டாம் போலிருந்தது.

பொதி உள்ளே போகவில்லை. வீப்கே அதை நீட்டியபடியே நின்றாள். புதிய பாடத்தைத் தவறில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"உண்மையாகவே வேண்டாமா? கொண்டு போயேன்."

முப்பத்தைந்து வருடத்தில் இந்த நாட்டில் யாரும் அவரிடம் இரண்டாம் தடவை கேட்டதில்லை. பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பொதியை வாங்கிக்கொண்டார். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

மேட்டிலிருந்து இறங்குதுறைக்குப் போகும் பாதையில் அவர் நடக்கத் தொடங்கிய பிறகும் வீப்கே வாசலிலேயே நின்றாள். அவர் துறையை எட்டிய பிறகே கதவைச் சாத்தினாள்.