பட்டுப்பூச்சி என்று நினைத்துப் பிடித்தது

கல்யாணமாகி நான் டெல்லிக்கு வந்த முதல் மழைக்காலம். எண்பதுகளின் தொடக்கம். என் கணவர் மத்திய அரசில் கிளார்க். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊர்ந்து போகிற எதைப் பார்த்தாலும் எனக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டுப் பஞ்சாபித் தம்பதியோடு லோதி தோட்டத்துக்குப் போனோம். மழை விட்டிருந்தது. புல்லில் சிவப்பாக, வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்ட மாதிரி ஒன்று ஓடியது.

“பட்டுப்பூச்சி! சின்ன வயசுல தீப்பெட்டில அடைச்சு வச்சிருப்போம்லா” என்றார் என் கணவர்.

“பட்டுப்பூச்சி இவ்வளவு வேகமா ஓடாதுங்க. இடுப்பு வேற எறும்பு மாதிரி இருக்கு.”

“எறும்பாவே இருக்கட்டும். நடு முதுகப் பிடிச்சா அது என்னட்டி செய்யும்?”

பிடித்தார். அது கீச்கீச்சென்று கத்தியது. “பாத்தியா, பேசுது!” என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார். அதற்குள் அதன் பின்பக்கத்திலிருந்து தலைமுடி போல ஒன்று நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. அந்தத் துளி உடம்புக்குள் அவ்வளவு நீளம் எங்கேதான் இருந்ததோ! சாவகாசமாக வளைந்து, அவர் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக் கொட்டியது.

“ஏ யம்மா!” புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. பூச்சி புல்லில் விழுந்து தன் வழியே போய்விட்டது.

“லோஹா ரகடோ, ஜல்தி!” என்று கத்தினார் பஞ்சாபி அம்மா. கொட்டிய இடத்தில் இரும்பைத் தேய்த்தால் கடுப்பு அடங்குமாம். அவர் கணவர் ஸ்கூட்டர் சாவியால் தேய்த்தார். காவலாளி பூட்டோடு ஓடி வந்தார். உருளைக்கிழங்கு ஆலு டிக்கி பொரித்து விற்கிறவர் எண்ணெய் சொட்டும் கரண்டியையே கொண்டுவந்துவிட்டார். கடைசியில் கொட்டிய வலி எது, தேய்த்த வலி எது என்று என் கணவருக்கே தெரியவில்லை.

வலது கை பூரியாக உப்பிவிட்டது. அன்று ராத்திரி நான்தான் தயிர்சாதம் பிசைந்து ஊட்டினேன். பாத்திரம் திருப்பித் தர வந்த பஞ்சாபி அம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாளே குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவியது: மதராசிப் பெண் புருஷனுக்கு ஊட்டிவிடுகிறாள். கொட்டிய கதையை யாரும் கேட்கவில்லை. “பாய்சாப், எங்க வீட்லயும் ஊட்டச் சொன்னேன். அடிக்காத குறை” என்று பக்கத்து வீட்டுக்காரர் இவரிடம் இந்தியில் அழுதார்.

அது எறும்பே இல்லை, இறக்கையில்லாத பெண் குளவி என்று பிறகு நூலகத்தில் படித்துவிட்டு வந்தார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அதை எனக்கு விளக்கி முடித்ததும், வீக்கம் வடிந்த கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு, வாயைத் திறந்து காத்திருந்தார்.